பப்பாசியா, பப்பாளியா?

பல ஊரவர் சேர்ந்து வாழும் குடியிருப்புகளில் பேச்சு வேறுபாடும் சிறு பிணக்குக்குக் காரணமாவதுண்டு. வளவில் நிற்கும் மரத்தை ஒருவர் 'பப்பாசி' என்கிறார். அடுத்த வீட்டார் 'பப்பாளி' என்கிறார். பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்கிறார்கள். இவற்றில் எது சரியான பெயர்? இப்பாடத்தில் இதனை நோக்குவோம்.

விதையோடு வந்த பெயர்

இம்மரத்தின் தாயகம் தென் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். 1492இற்குப் பின் அப்பக்கம் சென்ற ஸ்பானியர், கரீபியன் தீவு மக்களின் சொல்லைக் கேட்டு இதனைப் 'பப்பாயா' என்றனர். அவர்கள் இதைப் பிலிப்பைன்சுக்குக் கொண்டுவந்தனர். 16ஆம் நூற்றாண்டு முடியுமுன் மலாக்கா வழியாக இது இந்தியாவை அடைந்தது. விதையோடு பெயரும் பயணம் செய்தது. யாழ்ப்பாணத்துப் பப்பாசி, தமிழகத்துப் பப்பாளி, சிங்களத்துப் 'பெப்பொல்' ஆகிய மூன்றும் ஒரே சொல்லின் கிளைகளே. ஆகவே இரு வீட்டாரும் சொல்வது சரிதான்.

வந்த இடத்தில் வைத்த பெயர்

சிங்களத்தில் 'கஸ்லபு' என்ற பெயரும் உண்டு. 'கஸ்' என்றால் மரம். 'லபு' என்றால் சுரை. புதிய காயைக் கண்டவர்கள் தமக்குத் தெரிந்த சுரைக்காயோடு அதை ஒப்பிட்டார்கள். சீனர், தம் நாட்டில் முன்பே இருந்த வேறொரு பழத்தின் பெயரான 'மூகுவா' என்பதை இதற்கும் வைத்து, முன்னே 'அந்நிய' எனப் பொருள்படும் சொல்லைச் சேர்த்தனர். ஏட்டில் அச்சொல் இன்றும் உண்டு. அன்றாடப் பேச்சில் அதை விட்டுவிட்டார்கள்.

பெயரைத் தந்தவர்கள்

கொய்யா என்ற பெயரும் அதே தீவுகளிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக நம்மிடம் வந்ததே. ஸ்பானியர் வந்த சில பத்தாண்டுகளுக்குள் அத்தீவு மக்கள் தம் நிலத்தை இழந்தனர். நோயாலும் கட்டாய வேலையாலும் மிகப் பெரும்பாலோர் மாண்டனர். ஆயினும் அவர்களுடைய சொற்கள் இன்று நமது கிணற்றடியில் வழங்குகின்றன. நிலம் கைவிட்டுப் போனபின்னும் பெயர்கள் நிலைத்தன. அவற்றை யாரோ தொடர்ந்து சொல்லிவந்ததே அதற்குக் காரணம்.

நாமும் ஊரை விட்டு வரும்போது பெயர்களைக் கொண்டு வந்தோம். மொட்டைக்கறுப்பன் நெல்லையும் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தையும் அறியாமல் நம் பிள்ளைகள் வளர்ந்தால், அந்த விதையைத் தேடவும் அவர்களுக்குத் தெரியாது. அதேபோல் அயல்வீட்டார் கொண்டுவந்த பெயர்களையும் நாம் கேட்டுப் பழகவேண்டும். கேலி செய்தால் அவர்கள் பிள்ளை அச்சொல்லை மறைத்துவிடும்.

கலந்துரையாடுவோம்

1. நம் குடியிருப்பில் ஒரே பயிருக்கு வழங்கும் வெவ்வேறு பெயர்கள் எவை?

2. சொந்த ஊரில் நாம் பயிரிட்ட நெல், மா, வாழை வகைகளின் பெயர்களை முதியோரிடம் கேட்டு, பிள்ளைகளைக்கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவிப்போமா?