சுகமும் பக்கம், கஷ்டமும் பக்கம்

விஷ்ராந்தி என்பது மராத்திச் சொல். இளைப்பாறுதல் என்று பொருள். வாடி என்றால் சிற்றூர். விஷ்ராந்த்வாடி புனே நகரில், ஆளந்தி சாலையில் இருக்கிறது. பெயரில் ஓய்வு உண்டு. சாலையில் ஓய்வு இல்லை. பஸ், லாரி, ஆட்டோ ஓடிக்கொண்டே இருக்கும். தலைக்கு மேலே லோகேகாவ் விமானங்கள் பறக்கும்.

ஒரு நாள் வகுப்பில் கேட்டேன்: "இங்கே வாழ்வது சுகமா, கஷ்டமா?"

"சுகம்தான்" என்றார் ஓர் அக்கா. "ஊரில் காய்ச்சல் வந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்கணும். இங்கே நடந்தே டாக்டரிடம் போகலாம்."

"ஆனி மாதம் பால்கி வருமே!" என்றார் ஒரு பாட்டி. "ஞானேஸ்வரர் பல்லக்கு ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் போகிற வழி இதுதான். நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறோம். நீ எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை."

"கஷ்டமும் இருக்கு" என்றார் இன்னொருவர். "ஒரே அறை. வாடகை அதிகம். குழாயில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர். பக்கத்து வீட்டில் இருமினால் நமக்குத் தூக்கம் போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் மகனுக்கு டெங்கு காய்ச்சல் வந்திருந்தது. எட்டு நாள் கூலி போனது. கடன் வந்தது.

"என் வீட்டு டிரம்மை மூடித்தான் வைக்கிறேன். என் பிள்ளைக்கு ஏன் வந்தது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. டெங்குக் கொசு பெரும்பாலும் பகலில் கடிக்கும். தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். டிரம், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை எதுவும் போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். பிறகு அது வீட்டு எண் பார்ப்பதில்லை. ஒரு வீட்டில் பிறக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும்.

நகரத்தில் டாக்டரும் பக்கம். கொசுவும் பக்கம். ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது.

எங்கள் சந்தில் ஞாயிற்றுக்கிழமையை 'உலர்ந்த நாள்' ஆக்கினோம். அன்று எல்லா வீட்டிலும் டிரம்மைக் காலி செய்கிறோம். அந்தத் தண்ணீரில் துணி துவைக்கிறோம். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும். அதனால் உள்ளே தேய்த்துக் கழுவுகிறோம்.

காலி மனையில் டயர்கள் கிடந்தன. வார்டு அலுவலகத்தில் வாயால் சொன்னோம். யாரும் வரவில்லை. பிறகு மனு எழுதினோம்:

"ஐயா, எங்கள் சந்தின் காலி மனையில் பழைய டயர்கள் கிடக்கின்றன. மழைநீர் தேங்கிக் கொசு பெருகுகிறது. ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்துவிட்டது. டயர்களை அகற்றும்படி கேட்டுக்கொள்கிறோம்."

மராத்திப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இதை மராத்தியில் எழுதித் தந்தார்கள். பெரியவர்கள் தமிழில் கையெழுத்துப் போட்டோம். அந்த அம்மாவும் கைநாட்டு வைக்காமல் தம் பெயரை எழுதினார். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினோம்.

பன்னிரண்டு நாளில் டயர்கள் போயின. இப்போது அங்கே மறுபடியும் குப்பை விழுகிறது. நகல் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. மறுபடியும் எழுதுவோம்.

இதே புனேயில் 1848-இல் பெண்களுக்குப் பள்ளி நடத்தியவர் சாவித்திரிபாய் புலே. 1897-இல் பிளேக் நோய் பரவியது. அவர் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். அந்த நோயாலேயே இறந்தார். பக்கத்து வீட்டு நோய் தம் நோய் என்று அவர் நினைத்தார்.

பேசுவோம், எழுதுவோம்

1. உங்கள் தெருவில் எது சுகம்? எது கஷ்டம்?
2. தண்ணீர் எங்கெங்கே தேங்குகிறது? பார்த்து எழுதுங்கள்.
3. மனுவின் நகலை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?
4. உங்கள் தெருவுக்காக ஒரு மனு எழுதுங்கள். ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்குங்கள்.