லேண்ட் மாஸ்டர் பெல்ட்டைச் சரியாக இறுக்குவோம்

மரக்கறித் தோட்டத்தில் லேண்ட் மாஸ்டர் உழுவதோடு நிற்பதில்லை. உழவு முடிந்ததும் அதே எஞ்சினில் ஒரு பெல்ட்டை மாட்டி லீக்ஸ், கரட் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கிறோம். (லேண்ட் மாஸ்டர் என்பது ஒரு இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர். எந்தக் கம்பெனியின் இரண்டு சில்லு உழவு இயந்திரமானாலும் நமக்கு அது லேண்ட் மாஸ்டர்தான்.) எஞ்சினின் பலத்தை இப்படி வெளிவேலைக்கு எடுக்கும் இடத்தில்தான் அடிக்கடி தொல்லை வருகிறது. கைவிரல் போகும் இடமும் அதுதான்.

"எஞ்சின் ஓடுது, தண்ணி மட்டும் ஏற மாட்டேங்குது" என்றால் உடனே ஸ்பானரைத் தூக்க வேண்டாம். முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பம்பில் காற்றுப் பிடித்திருந்தால் எஞ்சின் பாரமில்லாமல் லேசாக ஓடும், பெல்ட் சத்தம் போடாது. அப்போது புட் வால்வையும் உறிஞ்சும் குழாயையும் பாருங்கள். பெல்ட் வழுக்கினால் கீச்சென்ற சத்தமும் றப்பர் கருகும் வாசமும் வரும். கப்பிக்குக் கீழே கறுப்புத் தூள் கொட்டிக் கிடக்கும்.

வழுக்குகிற பெல்ட்டுக்கு மண்ணும் சவர்க்காரமும் போடுவது நம்மவர்களின் பழைய வைத்தியம். அது வேண்டவே வேண்டாம். 'வி' பெல்ட் பிடிப்பது அடிப்பக்கத்தால் அல்ல, இரண்டு சாய்ந்த பக்கங்களால். பெல்ட் தேய்ந்து கப்பிப் பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. மாற்றத்தான் வேண்டும். இரண்டு மூன்று பெல்ட் சேர்ந்து ஓடும் இடத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகவே மாற்றுங்கள். பழையது தளர்ந்திருப்பதால் புதியதே முழுப் பாரத்தையும் இழுத்துச் சீக்கிரம் அறும்.

இறுக்கும் முறையைப் பார்ப்போம். எஞ்சினை நிறுத்தி, கனத்த பறப்புச் சில்லு முழுதாக நிற்கும் வரை பொறுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள். பம்பின் நட்டுகளைத் தளர்த்தி, பம்பைப் பின்னுக்குத் தள்ளி இறுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் பெல்ட்டை நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும். வெளியில் தெரியாது, இரண்டு வாரத்தில் பெல்ட் போய்விடும். நட்டுகளை முறுக்க முன் ஒரு நூலை இழுத்துப் பிடித்து, இரண்டு கப்பியின் பள்ளமும் நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு இறுக்கம்? கப்பிகளுக்கு நடுவே ஒரு மீற்றர் தூரம் இருந்தால், பெல்ட்டின் மத்தியில் பெருவிரலால் அழுத்தும்போது சுமார் 1½ சென்ரிமீற்றர் தாழ வேண்டும். அரை மீற்றர் என்றால் அதில் பாதி. வீணைக் கம்பி மாதிரி இறுக்கினால் பெயரிங் சூடாகி அழிந்துவிடும். புதுப் பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே கொஞ்சம் நீளும், மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

இதில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், அடிக்கடி பெல்ட்டைத் தொட வேண்டி வருவதால்தான் பலர் பெல்ட் மூடியைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். 12 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கப்பி நிமிடத்துக்கு 2000 தடவை சுற்றினால், பெல்ட் ஒரு நொடியில் 12 மீற்றருக்கு மேல் ஓடும். 12 அடி லயக் காம்பராவை மூன்று தடவை கடக்கும் தூரம் அது. சேலை முந்தானையோ, இடுப்புப் படங்கோ, சாரமோ சிக்கினால் இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. அதனால் மூடியை மாட்டின பிறகே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கள். மூடி தொலைந்திருந்தால் தகரத்திலோ கம்பி வலையிலோ ஒன்று அடித்துப் போடலாம், வெல்டிங் கடையில் செய்து தருவார்கள். பிள்ளைகளைத் தண்ணீர்க் குழாயின் அந்த முனைக்கு அனுப்பிவிடுங்கள், எஞ்சின் பக்கம் வேண்டாம்.

டவுனுக்குப் பெல்ட் வாங்கப் போகும்போது பழையதையும் எடுத்துப் போங்கள். அதன் முதுகில் பி 72 என்பதுபோல் எழுதியிருக்கும். 'பி' பெல்ட்டின் அகலத்தையும், 72 உட்பக்க நீளம் எத்தனை அங்குலம் என்பதையும் சொல்லும். எழுத்து அழிவதற்கு முன்பே மூடியின் உட்புறத்தில் பெயின்ட்டால் எழுதி வைத்துவிட்டால் நல்லது.