எந்தக் கையில் த்ராட்டில்? மாதிரி விமானம் பறக்கவிடுவோரின் முதல் தேர்வு

ரேடியோ அலையால் இயங்கும் மாதிரி விமானம் வாங்க விரும்புவோர் இறக்கையின் நீளம், மோட்டாரின் திறன், பேட்டரியின் அளவு ஆகியவற்றைப் பல நாள் விசாரிப்பார்கள்; கையில் பிடித்து இயக்கும் டிரான்ஸ்மிட்டரில் உள்ள இரண்டு ஸ்டிக்குகளில் எது எதை இயக்கவேண்டும் என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. இறக்கை உடைந்தால் ஒட்டிவிடலாம், மோட்டார் எரிந்தால் மாற்றிவிடலாம். கையில் ஊறிய பழக்கத்தை மாற்றுவது அவ்வளவு எளிதன்று என்பதால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக முடிவு செய்யவேண்டியது இதுவே.

நான்கு கட்டுப்பாடுகள், நான்கு அமைப்புகள்

விமானத்தை ஆள்பவை நான்கு. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது த்ராட்டில். வாலின் கிடைமட்டப் பகுதியில் அசைந்து மூக்கை ஏற்றி இறக்குவது எலிவேட்டர். வாலின் செங்குத்துப் பகுதியில் அசைந்து மூக்கை இடவலமாகத் திருப்புவது ரட்டர். இறக்கைகளின் பின்விளிம்பில் இருந்துகொண்டு விமானத்தை ஒருபுறம் சாய்ப்பது ஏலிரான். ஒவ்வொரு ஸ்டிக்கும் மேல்கீழாகவும் இடவலமாகவும் அசையக்கூடியது. ஆகவே இந்த நான்கையும் இரண்டு ஸ்டிக்குகளில் பகிர்ந்து வைக்கும் முறைகள் நான்கு, அவை ‘மோடு’ என்ற பெயரில் எண்ணிட்டு வழங்கப்படுகின்றன.

மோடு 2-இல் த்ராட்டிலும் ரட்டரும் இடக்கையில், எலிவேட்டரும் ஏலிரானும் வலக்கையில் அமையும். மோடு 1-இல் எலிவேட்டரும் ரட்டரும் இடக்கைக்கும், த்ராட்டிலும் ஏலிரானும் வலக்கைக்கும் செல்லும். மோடு 3 என்பது மோடு 2-இன் கண்ணாடிப் பிம்பம். மோடு 4 அவ்வாறே மோடு 1-இன் பிம்பம்.

மோடு 2-ஐ விரும்புவோர், மெய்யான விமானத்தில் விமானி பிடிக்கும் ஒற்றைக் கைப்பிடியைப் போலச் சாய்வும் ஏற்ற இறக்கமும் ஒரே கையில் இருப்பதைக் காரணமாகச் சொல்வர். ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் மோடு 1-இன் ஆதரவாளர்களோ, ஏலிரானும் எலிவேட்டரும் வெவ்வேறு கைகளில் இருப்பதால், விமானத்தை முழுச்சுற்றாக உருட்டும்போது கட்டைவிரல் தன்னையறியாமல் மூக்கையும் இழுத்துவிடும் பிழை நேர்வதில்லை என்பர். இரண்டு வாதங்களிலும் உண்மை உண்டு. இரண்டு முறைகளிலும் தேர்ந்த விமானிகள் உண்டு. எனவே எது உயர்ந்தது என்ற கேள்வியால் விடை கிடைக்காது. எது நமக்கு உதவும் என்று கேட்பதே பயன்தரும்.

அருகில் நிற்பவரே அளவுகோல்

அயனம்பாக்கம், திருவேற்காடு, ஆவடி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் ஏரியும் புதிய வீட்டுமனைகளும் மின்கம்பிகளும் நெருங்கிக் கிடப்பதால், கற்பவரின் விமானம் தடுமாறும் கணத்தில் டிரான்ஸ்மிட்டரைக் கையில் வாங்கி அதை மீட்கக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருப்பது இன்றியமையாதது. அவ்வாறு வாங்குபவரின் கைக்கும் அந்தக் கருவிக்கும் மோடு ஒன்றாக இருந்தாக வேண்டும். இல்லையேல் வேகத்தைக் கூட்டுவதாக எண்ணி அவர் தள்ளும் இடது ஸ்டிக், விமானத்தின் மூக்கைத் தரையை நோக்கிக் கவிழ்த்துவிடும். இந்தியாவில் தொடக்கநிலையாளருக்கென விற்கப்படும் டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் மோடு 2-ஆகவே வருவதால், சென்னையில் புதிதாகத் தொடங்குவோர்க்கு அதுவே இயல்பான தேர்வு. கற்றுத்தருபவர் மோடு 1-இல் பறக்கவிடுபவராயின், தயங்காமல் அவரைப் பின்பற்றுவதே முறை. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களும் அந்த ஒரு காரணத்துக்காக மோடு 3-க்குச் செல்லவேண்டியதில்லை. நுட்பமான வேலை இரண்டு கைகளுக்கும் உண்டு என்பதால், முதலில் கணினிச் சிமுலேட்டரில் சில மணிநேரம் பழகிப் பார்த்தபின் முடிவெடுப்பது நல்லது.

பின்னாளில் ட்ரோன் பக்கம் திரும்புவோர்க்கும் இத்தேர்வு துணைநிற்கும். சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியின் தக்ஷா அணி, நடிகர் அஜித்குமாரை ஆலோசகராகக் கொண்டு, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றபின் இங்கு ட்ரோன் ஆர்வம் பெருகியது. மாதிரி விமானத்தில் மோடு 2 பழகிய கைகள், அதே அமைப்பில் வரும் ட்ரோனின் ஸ்டிக்குகளைப் புதிதாகக் கற்கவேண்டியதில்லை.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை

பழைய டிரான்ஸ்மிட்டர் கைக்கு வந்தால், பேட்டரி போடாமலேயே அதன் மோடை ஓரளவு கண்டறியலாம். மூன்று அசைவுகளில் ஸ்டிக்கை விட்டவுடன் சுருள்வில் அதை நடுவுக்கு இழுத்துவிடும். த்ராட்டில் மட்டும் விட்ட இடத்திலேயே நிற்கும், அதை நகர்த்தும்போது உள்ளே ஒரு மெல்லிய உலோகப் பட்டை பற்களின்மீது உரசும் ‘கறகற’ உணர்வு கட்டைவிரலுக்குத் தெரியும். அந்த உணர்வு இடப்புறமெனில் மோடு 2 அல்லது 4. வலப்புறமெனில் 1 அல்லது 3.

மோடை மாற்றுவது இரண்டு பகுதிகளைக் கொண்ட வேலை. பின்மூடியைத் திறந்து சுருள்வில்லையும் உலோகப் பட்டையையும் பக்கம் மாற்றுவது ஒன்று. மெனுவில் மோடு எண்ணை மாற்றுவது மற்றொன்று. மெனுவை மட்டும் மாற்றினால் த்ராட்டில் சுருள்வில் உள்ள ஸ்டிக்குக்குப் போய் நடுவில் நிற்கும். விமானத்தை இயக்கிய உடனே மோட்டார் பாதி வேகத்தில் சுழலக்கூடும். ஆகவே இவ்வேலையின்போது புரொபெல்லரைக் கழற்றி வைப்பது கட்டாயம்.

மோடையும் சேனல் வரிசையையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். மோடு என்பது கைகளின் பகிர்வு. சேனல் வரிசை என்பது விமானத்தில் உள்ள ரிசீவரில் எந்த ஒயர் எந்த இடத்தில் செருகப்படவேண்டும் என்பது. ஃபுட்டாபா டிரான்ஸ்மிட்டர்களின் வழக்கில் ஏலிரான் முதல் சேனல், ஸ்பெக்ட்ரம் டிரான்ஸ்மிட்டர்களின் வழக்கில் த்ராட்டில் முதல் சேனல். ஆகவே ஒரு பகுதி தவறாக அசைந்தால் மோடை மாற்ற முனையுமுன் ஒயரைச் சரிபார்க்கவேண்டும்.

பழக்கத்தைக் காக்கும் வழிகள்

தேர்ந்தெடுத்த மோடு சிமுலேட்டரிலும், விமானத்திலும், ட்ரோனிலும் ஒன்றாகவே இருக்கவேண்டும். ஒவ்வொரு பறத்தலுக்கும் முன், எலிவேட்டர் ஸ்டிக்கைத் தன்பக்கம் இழுத்தால் அது மேலே எழுகிறதா, ஏலிரானை வலப்புறம் தள்ளினால் வல இறக்கையில் உள்ளது மேலெழுகிறதா என்று கண்ணால் காணவேண்டும். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடவலம் மாறித் தோன்றும். அப்போது தாழும் இறக்கை இருக்கும் பக்கத்துக்கு ஏலிரான் ஸ்டிக்கைத் தள்ளி, அதற்கு முட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொள்வது எந்த மோடிலும் பொருந்தும். இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை இணைத்துப் பயிற்றுவிக்கும் வசதி இருந்தால், ஆசிரியர் ஒரு விசையால் கட்டுப்பாட்டைத் திரும்பப் பெறலாம்.

சென்னையின் மேற்குப் புறநகர்களுக்கு மீனம்பாக்கம் விமான நிலையமும் ஆவடியின் பாதுகாப்புத் துறை வளாகங்களும் அதிகத் தொலைவில் இல்லாததால், 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி வகுக்கப்பட்ட பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களை டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் பார்த்து, அனுமதி உள்ள இடத்தில் மட்டுமே பறக்கவிடவேண்டும்.

பிற்பகலில் கடற்காற்று எழுந்தபின் ஒரு கரையையோ மரவரிசையையோ தாண்டித் தரையிறங்கும் விமானத்தைக் கவனித்தால் இத்தேர்வின் பொருள் விளங்கும். தடையின் மறைவில் காற்று சுழன்று, ஆளுயரத்தில் வரும் விமானத்தின் இட இறக்கை சட்டென்று தாழும். அதை நிமிர்த்தி, த்ராட்டிலைச் சற்றே ஏற்றி, மூக்கைப் பிடித்துவைக்க ஒரு நொடிகூட இராது. எந்த ஸ்டிக் என்று மூளை யோசிக்கத் தொடங்குமுன் கைகள் வேலையை முடித்திருக்கவேண்டும்; ஒரே மோடில் மாதக்கணக்கில் பழகிய கைகளே அதைச் செய்யும்.