யூ இல்லாத க்யூ

கேள்வி: ஸ்கிராபிள் ஆடும்போது க்யூ எழுத்து வந்தால், யூ கிடைக்காமல் கடைசிவரை கையிலேயே தங்கிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: யூவுக்காகக் காத்திருக்காதீர்கள். 100 கட்டைகளில் யூ வெறும் 4. ஐ எழுத்தோ 9. அதனால் முதலில் மனப்பாடம் செய்யவேண்டியது, சீனர்கள் உயிராற்றலைக் குறிக்கும் ‘சீ’ (நம் காதுக்குத் திட்டுவது போலிருக்கும்!). க்யூ, ஐ என இரண்டே கட்டை. ஓர் எழுத்தை மும்மடங்காக்கும் கட்டத்தில் க்யூவை வைத்து, வலப்பக்கம் ஓர் ஐ, கீழே ஓர் ஐ அமைந்துவிட்டால் 62 புள்ளி. எதிராளி எழுந்து காபி போடப் போய்விடுவார்.

யூ இல்லாத மற்றச் சொற்களை அரபு வழி வந்தவற்றில் தேடுங்கள். பக்கீர், தலாக் இரண்டையும் ஆங்கிலத்தில் க்யூ போட்டே எழுதலாம். முன்னதில் அது நடுவில், பின்னதில் கடைசியில். ஏமன்காரர்கள் மெல்லும் காட் இலை மூன்றெழுத்தில் முடிந்துவிடும். எதுவும் அமையவில்லையென்றால் உங்கள் முறையை ஒரு தடவை விட்டுக்கொடுத்து, வேறு கட்டை எடுத்துக்கொண்டு க்யூவைப் பைக்குள் போடுங்கள். பையில் 7 கட்டைக்குக் குறைந்துவிட்டால் மாற்ற விடமாட்டார்கள். கையில் தங்கினால் 10 புள்ளி கழியும்.