கறவை ஆடு பாலைக் குறைத்தால் எங்கே பார்ப்பது?

நேற்றுவரை செம்பு நிறையக் கறந்த ஆடு இன்று அரைச் செம்போடு நின்றுவிட்டால், பலரும் ஓடுவது மருந்துக் கடைக்கு. குடற்புழு மருந்து ஒன்று, டானிக் ஒன்று வாங்கி ஊற்றிவிடுவார்கள். காரணமோ பெரும்பாலும் தீவனத் தொட்டியிலோ தண்ணீர் வாளியிலோ கிடக்கும். தலைச்சேரியோ ஜமுனாபாரியோ நாட்டு ஆடோ, மருந்தைத் தொடுமுன் வரிசையாகச் சிலவற்றைப் பாருங்கள்.

முதலில் நாள் கணக்கு. ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பால் உச்சத்துக்கு வரும், பிறகு மெல்ல இறங்கும். அது நோயல்ல. பருவத்துக்கு வந்த ஆடும் ஓரிரு நாள் பாலைக் குறைக்கும். ஓயாமல் கத்தும், வாலை ஆட்டும், தானே தெளியும். கறக்கும் ஆளோ நேரமோ மாறினாலும் பாலை அடக்கும். இரவில் குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு குடித்துவிட்டதா என்றும் பாருங்கள். அதற்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது.

அடுத்து தண்ணீர். பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். பாசி படிந்த தொட்டியில் ஆடு வாய் வைக்காது. தினமும் தேய்த்துக் கழுவி, நிழலில் வையுங்கள்.

தீவனத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 35 கிலோ எடையுள்ள, ஒரு லிட்டர் கறக்கிற ஆட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு கிலோ பசுந்தீவனம், அரைக் கிலோ கடலைக்கொடி அல்லது வேறு உலர்தீவனம், அரைக் கிலோவை ஒட்டிக் கலப்புத் தீவனம் தேவைப்படும். பசுந்தீவனத்தில் புல் மட்டும் போதாது. அகத்தி, வேலிமசால், கிளைரிசிடியா போன்றவை பாதியாவது இருக்கட்டும். சவுண்டல் இலை மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். தழையைத் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிடுங்கள். மிதிபட்டதை ஆடு தின்னாது.

கலப்புத் தீவனம் வீட்டிலேயே செய்யலாம். பத்து கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கடலைப் புண்ணாக்கு இரண்டரைக் கிலோ, தவிடு 3.2 கிலோ, தாது உப்புக் கலவை 200 கிராம், கல்லுப்பு 100 கிராம். இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள். பூஞ்சை பிடித்த புண்ணாக்கைத் தூர எறியுங்கள்; அதன் நஞ்சு பாலிலும் இறங்கும். தீவனத்தை மாற்றுவதானால் ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

கல்யாண வீட்டுப் பந்திச் சோற்றை அன்போடு ஆட்டுக்கு வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதுதான் ஆபத்து. சோறும் தானியமும் அளவு மீறினால் வயிற்றில் அமிலம் பெருகி, ஓரிரு நாளில் ஆடே போய்விடும். ஆடு அசைபோடாமல் சோர்ந்து நின்றால் இடப்பக்க விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் உள்ளங்கையை வையுங்கள். நலமாக இருந்தால் நிமிடத்துக்கு ஒருமுறையாவது வயிறு உருளும். அசைவே இல்லையென்றாலும், மேளம்போல் உப்பியிருந்தாலும் மருத்துவரை உடனே அழையுங்கள். அவர் வரும்வரை தானியத்தை நிறுத்தி, உலர்தீவனம் மட்டும் வையுங்கள். சாய்ந்து கிடக்கும் ஆட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும்.

பிறகு புழுக்கையும் கண்ணும். புழுக்கை மணி மணியாக விழ வேண்டும். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளுத்திருந்து, தாடைக்கடியில் நீர் கோத்திருந்தால் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழு என்று சந்தேகப்படலாம். புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் சோதித்து, எடைக்கேற்ற அளவில் மருந்து கொடுங்கள். மாதாமாதம் எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும். மழைக்காலத்தில் பனி உலர்ந்தபின் மேய்க்கவிடுவது நல்லது. ஈரப்புல்லின் நுனியில்தான் புழுக்குஞ்சுகள் ஏறி நிற்கும்.

கடைசியாக மடி. கறக்குமுன் கழுவித் துடைத்து, முதல் இரண்டு பீச்சுகளைக் கறுப்புத் துணியில் விடுங்கள். திரிதிரியாகவோ நீர்த்தோ ரத்தம் கலந்தோ வந்தால், ஒரு பக்கம் சூடாகிக் கல்லாகியிருந்தால் மடிநோய். அந்த ஆட்டைக் கடைசியாகக் கறந்து, பாலைத் தரையில் பீச்சாமல் தனியாக அப்புறப்படுத்துங்கள். மடி குளிர்ந்து நீலம்பாரித்தால் அன்றைக்கே மருத்துவர் வேண்டும். எந்த நாளும் கறந்தபின் காம்புகளை அயோடின் கரைசலில் நனைத்து, தீவனம் வைத்து அரை மணி நேரம் நிற்கவிடுங்கள். காம்புத் துளை அதற்குள் மூடிக்கொள்ளும். ஊசி போட்ட ஆட்டின் பாலை மருத்துவர் சொல்லும் நாள்வரை குடிக்கவோ விற்கவோ கூடாது.

ஈன்ற சில நாட்களில் காது குளிர்ந்து தள்ளாடினால் சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. ஆசனவாயில் வைத்த வெப்பமானி 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் காய்ச்சல். மூக்கு ஒழுகலும் வாய்ப்புண்ணும் கழிச்சலும் சேர்ந்து வந்தால் ஆட்டுக்கொல்லியாக இருக்கக்கூடும். மற்ற ஆடுகளிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள். துள்ளுமாரிக்கு ஆண்டுதோறும் மழைக்கு முன்பும், ஆட்டுக்கொல்லிக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறையும் தடுப்பூசி போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்தியை அழைக்கும் எண் 1962. கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள்.