சாரல் நாளில் பெருக்கல் சீட்டு

குற்றாலச் சாரல் தென்காசி வரை வீசும் ஆனி, ஆடியில் எங்கள் நான்காம் வகுப்புக்கு விளையாட்டு வேளையும் வகுப்பறைக்குள்தான். சீட்டு என்றால் பெற்றோர் முகம் சுளிப்பார்களே! பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, 6 முதல் 9 வரை எண்ணுக்கு எட்டு அட்டைகள் செய்தோம். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இந்த நான்கு எண்களில்தான். 6×7, 7×6 இரண்டையும் ஒன்றாகக் கொண்டால் மொத்தம் பத்தே பெருக்கல்கள்.

இருவர் ஆளுக்கோர் அட்டையைத் திருப்புவர். பெருக்கிச் சொல்பவருக்கு இரண்டும். 'முந்திச் சொல்' என்று நான் வைத்தது தவறு. வேகமானவர்களே அள்ளினார்கள், ஒரு மாணவி வாயே திறக்கவில்லை. பிறகு முறைவைத்துச் சொல்லவைத்தேன். விடை மறந்தால் 7×8-ஐ 5×8, 2×8 எனப் பிரித்துக் கூட்டலாம். மறுவாரம் அவள் 40-ஐயும் 16-ஐயும் விரல்விட்டுக் கூட்டி 56 என்றாள். எதிரே இருந்தவன் தானும் கூட்டிப் பார்த்துவிட்டு அட்டைகளை அவள் பக்கம் தள்ளினான்.