கல்லை உடைக்கும் அலை

நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள். கணக்குக்குப் பயந்த வயிற்றுவலி என்றே நினைத்தேன். சிறுநீரில் ரத்தம் வந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்தில் 9 மில்லிமீட்டர் கல். "எட்டு வயசுப் புள்ளைய அறுக்கணுமா டீச்சர்?" என்று அவள் அப்பா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பிறகு படித்தும் மருத்துவரிடம் கேட்டும் அறிந்ததை இங்கே பகிர்கிறேன்.

இன்று பெரும்பாலான குழந்தைகளுக்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு வழி, அதிர்வலை. 1980-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இது முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்டது. ஒலிப் பாடம் நடத்துவோர் இதை அவசியம் சொல்லலாம். நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள். ஒன்றில் பிறக்கும் அலை சுவரில் பட்டுத் திரும்பி மற்றொன்றில் ஒன்றுசேரும். முதல் குவியத்தில் நீருக்குள் மின்பொறியை உண்டாக்கி, இரண்டாவதில் கல் அமையுமாறு நோயாளியைத் தொட்டி நீரில் இருத்தினார்கள். நம் தசையிலும் நீரே மிகுதி. ஆகவே அலை தோலில் தடைபடாமல் உள்ளே சென்று கல்லை நொறுக்கியது. இப்போது தொட்டிக்குப் பதில் ஜெல் போதும். சிறு குழந்தைகளின் நுரையீரலில் அலை படாமல் மறைப்பார்கள். ஏன் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். காற்று என்ற விடை வரும். குழந்தை அசையாதிருக்கப் பொதுவாக மயக்க மருந்து தருவார்கள். சிறுநீர்க்குழாய் நன்கு நெகிழ்வதால் துகள்கள் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு எளிதாக வெளியேறுகின்றன.

பெரிய கல் என்றால் முதுகுப்புறம் சிறு துளையிட்டு எடுப்பார்கள். எங்கள் மாணவிக்குச் சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்தி லேசரால் உடைத்தார்கள். உடலில் ஒரு தையல்கூட இல்லை.

ஆனால் உள்ளே 'ஸ்டென்ட்' என்ற மென்குழாயைச் சில வாரங்களுக்கு வைத்திருந்தார்கள். அது இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் முட்டும். சில நேரம் இளஞ்சிவப்பாகவும் போகும். அது தெரியாமல், "இப்பத்தானே போயிட்டு வந்தே?" என்று அவளை உட்கார வைத்துவிட்டேன். அழுதுவிட்டாள்.

அவள் ஏன் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. கழிப்பறையின் உள்தாழ்ப்பாள் உடைந்திருந்தது. ஒருமுறை கல் வந்த குழந்தைக்கு மீண்டும் வர வாய்ப்புண்டு என்றும், சிறுநீர் வெளிர் நிறமாக இருக்குமளவு நீர் அருந்த வேண்டும் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். நான் அவளைத் தினமும் குடிக்கச் சொன்னேனே தவிர, கதவைப் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாளே தாழ்ப்பாளை மாற்றினோம். இப்போது மதிய உணவுக்குள் அவள் பாட்டில் காலியாகிவிடுகிறது.